அணைத்த பெட்டியும் அடிக்கும்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ தூங்குகிறதா? அப்படியானால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே!

கூத்தாநல்லூரில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிச் சம்பாதித்தவர்களின் பெரிய வீடுகள் பல உண்டு. அத்தகைய வீடு ஒன்றில் வயதான அம்மாள் ஒருவர், காலஞ்சென்ற கணவர் கொண்டுவந்த ரேடியோவைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். "ஒரு தடவை பாடிக் கேட்டுட்டாப் போதும்" என்பது அவர் ஆசை.

கல்லூரியில் படிக்கும் பேரன் பிளக்கைச் செருகினான். விளக்கு எரிந்தது, பாட்டு வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்புளியுடன் உட்கார்ந்தான். "கையை எடுங்க தம்பி!" என்றேன். "பிளக்கைத்தான் எடுத்துட்டேனே!" என்று சிரித்தான்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து மீட்டரை வைத்தார். முள் 200 வோல்ட்டைத் தாண்டி நின்றது! சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் இதுதான். மதகை அடைத்த பிறகும் வாய்க்காலில் தண்ணீர் நிற்பதில்லையா? வால்வுகளுக்கு 250, 300 வோல்ட் வேண்டும். அதைக் கண்டென்சர் சேர்த்து வைக்கிறது. வால்வு பழுதானால் அந்த மின்சாரத்தைச் செலவழிக்க ஆளில்லை, அப்படியே காத்திருக்கும். கல்யாண வீட்டுப் பழைய மைக் செட் ஆம்பிளிஃபயரில் இன்னும் அதிகம்.

"வீட்டில் டிரிப்பர் இருக்கிறதே" என்பீர்கள். அது பூமிக்குக் கசியும் கரண்டைத்தான் கவனிக்கும். கண்டென்சருக்குள் இருப்பதை அது அறியாது.

மெக்கானிக் திருப்புளியால் தட்டிப் பொறி பறக்க விடவில்லை. ரெசிஸ்டர் கோத்த ஒயரால் மின்சாரத்தை மெல்ல வடித்து, மறுபடி மீட்டர் பார்த்த பிறகே தொட்டார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் கரண்டுக்கு வழி நெஞ்சு அல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டுகளில் உள்ளே இருக்கும் தகட்டிலேயே கரண்ட் வரலாம். ஆகவே பின்பக்க அட்டை இல்லாமலும், குமிழ் கழன்ற நிலையிலும் போடாதீர்கள். தெரியாதவர் திறக்க வேண்டாம். தெரிந்தவரும் தனியாக வேண்டாம். யாரையாவது கரண்ட் பிடித்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

பழைய பாட்டு நன்றாய்க் கேட்கட்டும். கேட்பதற்கு வீட்டில் எல்லோரும் இருக்க வேண்டும், இல்லையா?