ரிச்சி தெருவின் பழைய கணினிகளும் அவற்றை வேகப்படுத்தும் தொழிலாளர்களும்

சென்னை அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவிலும் அதைச் சூழ்ந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவற்றிலும் விற்பனைக்கு அடுக்கப்பட்டிருக்கும் பழைய மேசைக் கணினிகளுள் கணிசமானவை, அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்தவை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, 9020, எச்பி எலைட்டெஸ்க் 800 போன்ற இவ்வகைப் பெட்டிகள் கணக்கு எழுதவும் மின்னஞ்சல் அனுப்பவும் வடிவமைக்கப்பட்டவையே என்றாலும், புதிய கணினி வாங்க வசதியில்லாத மாணவர்களும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களும் கேம் ஆடுவதற்கென்றே இவற்றைத் தேடி வருகின்றனர். அந்த எதிர்பார்ப்பு ஆதாரமற்றது எனத் தள்ளிவிட இயலாது. 2015இல் கணினிக்கு வெளியான ஜிடிஏ 5 விளையாட்டுக்கு அதைத் தயாரித்த நிறுவனமே பரிந்துரைத்த செயலி (பிராசசர்) இன்டெல் ஐ5-3470. 7010 பெட்டிகள் பலவற்றில் இருப்பதும் அதே செயலிதான். திறன் இருந்தும் அது திரையை எட்டாமல் எங்கோ தடைபடுகிறது. அந்த இடத்தைக் கண்டறிவதே இத்தெருவின் சர்வீஸ் மேசைகளில் அமர்ந்திருப்போரின் தொழில்.

வாடிக்கையாளர் அனைவரும் சொல்லும் குறை ‘லேக் ஆகுது’ என்பது ஒன்றே. அச்சொல்லுக்குள் வெவ்வேறு கோளாறுகள் மறைந்திருப்பதால், தேர்ந்த தொழிலாளி திருப்புளியை எடுக்கும் முன் கேள்விகளை அடுக்குகிறார். “தம்பி, ஆரம்பத்துல இருந்தே இழுக்குதா, இல்ல அரைமணி நேரம் ஆடின பிறகு இழுக்குதா?” என்பது அவற்றுள் முதன்மையானது. “முதல்ல நல்லாத்தாண்ணா ஓடுது, அப்புறம்தான்” என்ற பதில் வந்தால் சந்தேகம் வெப்பத்தின் மீது விழுகிறது. தொடக்கம் முதலே மந்தமென்றால் கிராஃபிக்ஸ் பகுதியின் மீது விழுகிறது. சீராக ஓடிக்கொண்டிருந்து நொடிக்கொரு முறை உறைந்து நின்றால் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தின் மீது விழுகிறது. விளையாட்டின் வேகத்தை அளக்கும் எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடியில் கணினி வரைந்து முடிக்கும் படங்களின் எண்ணிக்கை. 60 எஃப்பிஎஸ் எனில் ஒவ்வொரு படத்துக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான் கிடைக்கிறது. சராசரி நன்றாக இருந்தும் இடையிடையே ஒரு படம் மட்டும் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் கண்ணுக்கு அது திக்கலாகவே தெரியும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் சராசரி எண்ணை நம்பாமல் திரையின் மூலையில் ஏறி இறங்கும் அளவீட்டைச் சில நிமிடம் பொறுமையாகக் கவனிக்கின்றனர்.

இத்தொழிலில் மிகுந்த நுட்பம் வேண்டுவது வெப்பத்தைக் கையாளும் பகுதி. செயலிக்கும் அதன் மேல் அமரும் உலோகக் குளிர்விப்பானுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத காற்றிடைவெளிகள் உள்ளன. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமானது என்பதால் அவ்விடைவெளியை நிரப்பத் தடவப்படுவதே தெர்மல் பேஸ்ட். பத்தாண்டு கடந்த பெட்டியில் அது காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்கிறது. அத்துடன் குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையே தூசி படிந்து காற்றை அடைத்துவிட, வெப்பம் எல்லையைத் தொட்ட செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஐ5-3470க்கு அந்த எல்லை 105 டிகிரி. மே மாதத்தில் 40 டிகிரியை எட்டும் சென்னையில் குளிர்விப்பானுக்குக் கிடைக்கும் காற்றே சூடாக இருப்பதால், குளிர்நாட்டில் தாக்குப்பிடிக்கும் பெட்டி இங்கே திணறுகிறது. தொழிலாளி முதலில் பின்புறக் காற்றுவாயில் கையை வைத்துப் பார்க்கிறார். உள்ளே செயலி கொதிப்பதாக அளவீடு காட்டும்போது வெளிவரும் காற்று வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால், வெப்பம் குளிர்விப்பானுக்கே வந்து சேரவில்லை, ஆகவே பேஸ்ட் செத்துவிட்டது என்று பொருள். புளோயரால் தூசியை ஊதும்போது விசிறி கட்டற்றுச் சுழன்று கெடாதபடி ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொள்வது, பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் உலோகம் பளிச்சிடும்வரை துடைப்பது, பட்டாணி அளவுக்கு மேல் புதுப் பேஸ்ட் வைக்காமல் இருப்பது, நான்கு திருகாணிகளையும் வரிசையாக முடுக்காமல் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்கி அழுத்தத்தைச் சமமாக்குவது ஆகியவை மேசையருகே நின்று பார்த்துப் பழகியே கைவருகின்றன. புதிய பாகம் எதுவும் வாங்காமலே இழந்த வேகத்தை மீட்டுத்தரும் இந்த வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன் வைக்க வேண்டும்.

ரேம் பற்றிய புரிதலும் வாடிக்கையாளருக்கும் தொழிலாளிக்கும் இடையே வேறுபடுகிறது. வாங்குபவர் எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்கிறார். தொழிலாளி எத்தனை துண்டு, எந்த ஸ்லாட் என்றும் பார்க்கிறார். டிடிஆர்3-1600 வகை ரேம் ஒரு சேனலில், அதாவது ஒரு தரவுப் பாதையில், நொடிக்கு 12.8 ஜிபி தரவைக் கடத்தும்; இரு சேனல்களிலும் ஒவ்வொரு துண்டு இருந்தால் அது 25.6 ஜிபியாகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில், செயலிக்குள்ளேயே அமைந்த கிராஃபிக்ஸ் பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாது, கணினியின் ரேமையே அது பகிர்ந்துகொள்கிறது. ஆகவே அங்கே ஒற்றை 8 ஜிபி துண்டைவிட இரண்டு 4 ஜிபி துண்டுகள் தெளிவாக மேம்பட்ட வேகத்தைத் தருகின்றன. இரண்டையும் ஒரே சேனலுக்குரிய ஸ்லாட்டுகளில் சொருகிவிட்டால் அந்தப் பலன் கிட்டாது. அலுவலகத்திலிருந்து கழிக்கப்பட்டு வரும் பெட்டியை முதல்முறை திறந்ததும் இதைச் சரிபார்ப்பது நல்ல மேசைகளின் வழக்கம்.

கிராஃபிக்ஸ் கார்டு மாற்றும் வேலையில் முதல் கேள்வி மின்சாரம் பற்றியது. எஸ்எம்பிஎஸ் என்று இத்தெருவில் வழங்கும் மின்வழங்கி 7010இன் சிறுவடிவப் பெட்டியில் 240 வாட் மட்டுமே. கார்டு பொருந்தும் ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்க முடியும். அந்த வரம்புக்குள் தனி மின்கம்பி இல்லாமல் ஓடக்கூடிய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற கார்டுகளுக்கு இங்கே மதிப்பு குறையாதிருப்பதன் காரணம் இதுவே. சிறுவடிவப் பெட்டியில் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும் என்பதால் தேர்வு மேலும் குறுகி, பலர் ஜிடி 1030ஐ வாங்குகின்றனர். ஆனால் அப்பெயரில் இருவகைக் கார்டுகள் உண்டு. ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது நொடிக்கு 48 ஜிபி கடத்த, டிடிஆர்4 கொண்டது 16.8 ஜிபியே கடத்துகிறது. பெயர் ஒன்றாகவே இருப்பதால், நேர்மையான கடைக்காரர் சொன்னாலொழிய வாங்குபவர் பலருக்கு இது தெரிவதில்லை. ஒரே பெயரில் இரு பொருளை விற்பது உற்பத்தி செய்தவர் இழைத்த அநீதி. அதன் விளைவைத் தாங்குபவர் சேமித்த பணத்துடன் வரும் மாணவர்.

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயம் கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு அகழும் முறையைக் கைவிட்ட பின், இரவு பகலாக ஓடிய ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைகளில் மலிவாகக் குவிந்தன. அவற்றை வாங்க வருபவருக்கு மேசையில் வைத்துச் சுமையேற்றி ஓட்டிக் காட்டுவதும், குறுகிய காலத்துக்கு ‘டெஸ்டிங் வாரண்டி’ தருவதும் வழக்கம். 185 வாட் கேட்கும் அக்கார்டைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஓட்டித்தருமாறு கேட்போருக்குச் சாட்டா மின்முனையிலிருந்து மாற்றுக் கம்பி போட்டுத்தரும் கடைகளும் இருக்கின்றன. சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட் தாங்குவதற்கு மட்டுமே வகுக்கப்பட்டது. அதில் 75 வாட்டும் அதற்கு மேலும் இழுத்தால் முனை உருகித் தீப்பிடிக்கக்கூடும். அந்தக் கம்பியைப் போட மறுத்து, விற்பனை கைநழுவினாலும் வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பும் தொழிலாளியின் துணிவு பாராட்டுக்குரியது.

ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவதால் விளையாட்டு திறக்கும் நேரம் பெரிதும் குறையும், எஃப்பிஎஸ் உயராது என்பதையும், 1920×1080 தெளிவுத்திறனை 1280×720க்கு இறக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழாகக் குறையும் என்பதையும் இத்தொழிலாளர்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றனர்.

இவ்வாறு கண்டறியும் உழைப்புக்குத் தனிக் கூலி இல்லை என்பதே இத்தொழிலின் தீராத குறை. பாகம் விற்றால் அதன் விலையில் லாபம் உண்டு. பேஸ்ட் மாற்றினால் சிறுதொகை உண்டு. “கார்டு வேண்டாம், ரேமை மட்டும் மாற்றுங்கள்” என்று சரியாகச் சொல்லும் அறிவுக்கு எதுவும் இல்லை. அதனால் உண்மை சொல்பவர் அன்றைய வருமானத்தை இழக்க, தேவையற்ற கார்டை விற்றவர் லாபமடையும் நிலை தொடர்கிறது. பரிசோதனைக்கென ஒரு கட்டணத்தை வெளிப்படையாக எழுதி வைப்பதும், வாடிக்கையாளர் அதை முகம் சுளிக்காமல் கொடுப்பதும் இருதரப்புக்கும் நன்மை தரும். தொழிற்பயிற்சி நிலையங்கள் இந்த மேசைகளில் பயின்றவர்களை அழைத்து வகுப்பெடுக்கச் செய்தால், ஏட்டில் இடம்பெறாத பல நுட்பங்கள் அடுத்த தலைமுறையைச் சேரும்.

கைத்திறனால் தாண்ட முடியாத எல்லைகளும் நெருங்கிவிட்டன. 2013இல் வந்த இன்டெல்லின் நான்காம் தலைமுறைச் செயலிகளில்தான் ஏவிஎக்ஸ்2 என்னும் கணக்கீட்டு ஆணைத்தொகுதி இடம்பெற்றது; அதைக் கட்டாயமாக்கும் புதிய விளையாட்டுகள், அதற்கு முந்தைய தலைமுறைச் செயலி கொண்ட 7010இல் திறப்பதே இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது பெரும்பாலும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை முதலான செயலிகளையே. விண்டோஸ் 11இல் வாலரண்ட் என்னும் விளையாட்டை ஆட டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் செக்யூர் பூட் அமைப்பும் இருந்தாக வேண்டும். ஆகவே வாலரண்டுக்காகப் பழைய பெட்டி கேட்டு வருபவரிடம், கார்டுக்கென ஒதுக்கிய பணத்தையும் சேர்த்து எட்டாம் தலைமுறைப் பெட்டியாக வாங்கி, கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளுமாறு கூறுவதே பொருத்தமான அறிவுரை; அக்கறையுள்ள மேசைகள் கேட்கும் கேள்விகளுள் ‘எந்த கேம்?’ என்பது முன்னுக்கு வந்திருப்பதும் அதனால்தான்.