சீப்பும் கண்ணாடியும்

எழுதிப் பிழைக்கிறவனை எழுத்தறியாதவனாக்கி நிறுத்திவிடும் ஊர் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிழக்கே, ஃபார்ஃபரிலிருந்து பிரெக்கினுக்குப் போகும் சாலையில் உள்ள அபர்லெம்னோ என்ற சிற்றூர்தான் அது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களைக் காரில் அழைத்துப் போனார். "வெறும் கல்லுதான் மாமா, ஏமாந்து போகாதீங்க" என்று முன்ஜாமீன் வேறு வாங்கிக்கொண்டார்.

சாலையோரத்தில், வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கற்கள் நின்றன. டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. குளிர்காலத்தில் மட்டும், பனி அரித்துவிடாமல் மரப்பெட்டி போட்டு மூடிவிடுவார்களாம். நாங்கள் போனது ஜூன் மாதம்.

முதல் கல் ஆளுயரம். மேலே நெளிந்தோடும் பாம்பு. அதன் கீழே ஜோடி வட்டங்கள். அவற்றின் குறுக்கே இருமுறை ஒடிந்த கோல் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் சீப்பும். யாரோ தலைவாரிக்கொண்டு இப்போதுதான் எழுந்து போனாற்போல் இருந்தது.

"தாத்தா, இதிலே என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் பேத்தி. வயது ஒன்பது.

நான் விழித்தேன். நான் மட்டுமல்ல, பெரிய பண்டிதர்களும் அங்கே விழிக்கத்தான் செய்கிறார்கள். 1,200 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் இக்கற்களைச் செதுக்கியவர்கள் பிக்டுகள். 'வர்ணம் பூசியவர்கள்' என்று பொருள்படும் அந்தப் பெயர்கூட, கி.பி. 297-இல் ரோமானியப் புகழுரை ஒன்றில் முதன்முதலாக வருகிற பெயர், பகைவர் வைத்தது. இதே சின்னங்கள் 200-க்கும் மேற்பட்ட கற்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆட்களின் பெயர் என்கிறார் ஒருவர். குலச் சின்னம் என்கிறார் இன்னொருவர். எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இன்னும் பிறக்கவில்லை.

பக்கத்து மாதாகோவில் கல்லறைத் தோட்டத்தில் மற்றொரு கல். ஒருபுறம் சிலுவை, மறுபுறம் யுத்தம். குதிரை வீரன் ஒருவன் வாளையும் கேடயத்தையும் போட்டுவிட்டு ஓடுகிறான். கீழ்மூலையில் விழுந்து கிடக்கும் ஒருவனை ஒரு பறவை கொத்துகிறது. 685-இல் பிக்டு அரசன் பிரிடே, படையெடுத்து வந்த நார்தம்பிரிய அரசன் எக்ஃப்ரித்தைக் கொன்று வென்ற போர்தான் இது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். போர்க்களம் இன்னும் வடக்கே இருக்க வேண்டும் என்று பின்வந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். பறவைக்கு அந்தச் சர்ச்சையெல்லாம் இல்லை.

என்னை உறுத்தியது வேறு. அவ்வளவு பெரிய போரில் ஜெயித்தவர்களின் பாஷை எங்கே? பிக்டுகள் பூண்டற்றுப் போய்விடவில்லை. கி.பி. 900-ஐ ஒட்டி அந்த ராஜ்யத்துக்கு 'ஆல்பா' என்று பெயர் மாறியது. கெய்லிக் பாஷை நாளடைவில் எங்கும் பரவியது. சந்ததிகள் அதே வயல்களில்தான் இருந்தார்கள். பாட்டி பேசியிருப்பாள், பேரன் கேட்டுப் புரிந்துகொண்டிருப்பான், அவன் பேரனுக்கு அதுவும் வேண்டியிருந்திராது. யாரும் அழுதிருக்கமாட்டார்கள்.

கல்லைத் தடவிக்கொண்டு நின்ற பேத்தியைப் பார்த்தேன். அழகாகத் தமிழ் பேசுகிறாள். படிக்கத்தான் தெரியாது. என் நாவல்கள் பதினேழும் அவள் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அட்டைப்படம் பார்ப்பாள், வைத்துவிடுவாள். வேலை நெருக்கடியில் மகளுக்கு ஒழியவில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டே தவிர, வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததும் என் தப்புத்தான்.

அன்றிரவு சாப்பாடானதும் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு வந்தாள். அட்டையில் விரலை வைத்தாள்.

"தாத்தா, இதிலே என்ன எழுதியிருக்கு?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்லவில்லை. பென்சிலும் காகிதமும் எடுத்துவரச் சொன்னேன்.

நான் விமானம் ஏற ஆறு நாள்தான் பாக்கி இருந்தது. உயிரெழுத்துப் பன்னிரண்டையும் முடித்து, 'க' வரைக்கும் வந்தோம்.