டிசம்பருக்கு மட்டும்

கேரல் சர்வீசுக்குப் பாட்டு எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்து பல வருஷமாகிறது. நவம்பர் வந்தால் போதும், வாலிபர் கூட்டத்திலிருந்து யாராவது ஒரு புதுப் பாட்டோடு வந்து நிற்பார்கள். “அண்ணா, இது பக்கா கிறிஸ்துமஸ் பாட்டு.” கேட்டுப் பார்த்தால் வழக்கமான ஆராதனைப் பாட்டுதான், பின்னணியில் கீபோர்டின் ஜிங்கிள் பெல் ஓசை மட்டும் புதுசு. மணியை எடுத்துவிட்டு வாசியுங்கள் என்பேன். முகம் தொங்கிவிடும்.

வார்த்தையைப் பார்த்தும் தீர்ப்புச் சொல்ல முடிவதில்லை. 1857இல் ஜேம்ஸ் பியர்பாண்ட் வெளியிட்ட ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டில் பாலனும் இல்லை, பண்டிகையும் இல்லை. பனியில் குதிரை வண்டிச் சவாரி, அவ்வளவுதான். ஐசக் வாட்ஸ் 98ஆம் சங்கீதத்தை வைத்து எழுதி 1719இல் வெளியிட்ட ‘ஜாய் டு த வேர்ல்ட்’ பாட்டில் தொழுவத்தையும் மேய்ப்பரையும் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஹேண்டலின் ‘மெசையா’வில் அல்லேலூயா கோரஸ் வருவதோ பாடு, மரணம், உயிர்த்தெழுதல் எல்லாம் தாண்டி, இரண்டாம் பகுதியின் முடிவில். அந்தப் படைப்பே 1742 ஏப்ரலில்தான் டப்ளினில் அரங்கேறியது. இருந்தும் டிசம்பரில் அதை விட்டுவிட்டால் சபையார் என்னை வாசலிலேயே மறிப்பார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் ‘பெத்லகேம் குறவஞ்சி’க்குப் பெயரிலேயே பெத்லகேம் இருக்கிறது, உள்ளே உலா, குறத்தி, குறி என்று குறவஞ்சி நாடகம் நடக்கிறது.

சரி, மெட்டு? ‘ஜாய் டு த வேர்ல்ட்’டின் முதல் வரி மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரை, ஒரு ஸ்வரம் விடாத சங்கராபரண அவரோகணம். ஒரே சீராக இறக்கினால் பாட்டு வாத்தியார் வீட்டுப் பாடம். ஸட்ஜத்தில் நின்று, நிஷாதத்தைக் கொஞ்சம் இழுத்து, தைவதத்தைச் சட்டென்று தொட்டுப் பஞ்சமத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடைசி பெஞ்சில் கண்ணயர்ந்த தாத்தாவும் நிமிர்ந்துவிடுவார். புது டெனர்கள் அந்த இழுப்பைத்தான் சமப்படுத்திக் கெடுப்பார்கள். பயிற்சி நேரத்தில் பாதி இதற்கே போகும்.

ஆனாலும் தாத்தா நிமிர்வதற்கு அந்த இழுப்பு மட்டும் காரணமில்லை. டிசம்பர் தவிர வருஷம் பூராவும் அந்தப் பாட்டை யாரும் தொடுவதில்லை. கீர்த்தனைப் புத்தகத்தில் கிறிஸ்து பிறப்புப் பகுதியில் எத்தனையோ அருமையான பாட்டுகள் உண்டு. ஜூன் மாதம் பாடினால் குற்றமொன்றும் இல்லை. பாடமாட்டோம். அந்த விரதம்தான் கிறிஸ்துமஸ் பாட்டை உண்டாக்குகிறது என்பது என் கட்சி.

எனவே புதுப் பாட்டுக்காரர்களை நான் விரட்டுவதில்லை. ஒரு டிசம்பர் பாடவிடுவேன். அடுத்த டிசம்பரில் பிள்ளைகளே அதைக் கேட்டு வந்தால் பட்டியலில் இடம் நிச்சயம். உங்கள் சபையிலும் அப்படியொரு பாட்டு அமைந்தால் தாராளமாகப் பாடுங்கள். ஜனவரி 6 தாண்டியதும் நோட்டை மூடிவிடுங்கள். பிப்ரவரி பிறந்தநாள் ஜெபத்தில் மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.