குவிந்ததும் குவித்ததும்

மேல்நிலைப் பள்ளியில் பயிலும் என் இளைய மகள் ஓர் இரவு பாடக் குறிப்பேட்டுடன் வந்து நின்றாள். "வாப்பா, ஆங்கிலத்தில் 'பைல் அப்' என்றால் என்ன பொருள்? அதே பொருளில் இன்னும் நான்கு சொற்கள் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள்."

ஆங்கிலம் எனக்குப் பிற்பட்டு வந்த மொழி. மத்ரஸாவில் ஓதி ஸனது பெற்ற பிறகு அகராதியைத் துணைகொண்டு கற்றது. ஆயினும் இது எளிய சொல்லாயிற்றே என்று, "குவிதல்" என்றேன்.

"குவிந்ததா, குவித்தார்களா?" என்றாள்.

அந்த வினா என்னைச் சற்றே நிறுத்திவிட்டது. தமிழில் குவிந்தது என்றால் தன்வினை; குவித்தான் என்றால் பிறவினை. ஒரு வல்லெழுத்து நடுவில் வந்து நின்று, செய்தவன் ஒருவன் உண்டு என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தின் 'பைல் அப்' இரண்டிற்கும் ஒரே உருவில் நிற்கும். செங்கல்லை ஒருவன் அடுக்கினாலும் அதுதான். அலுவலக மேசையில் கடிதங்கள் தாமே சேர்ந்தாலும் அதுதான். சாலையில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் கிடப்பதற்கும் அதனையே சொல்கிறார்கள்.

அகராதியை விரித்தோம். 'பைல்' என்பது கல்தூணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். 'அக்யூமுலேட்' என்பதன் வேர் 'குமுலுஸ்', குவியல். லண்டனில் மருந்து வணிகம் செய்த லூக் ஹோவர்டு என்பவர் 1802-இல் மேகங்களுக்குப் பெயர் வகுத்தபோது, திரண்டெழும் வெண்மேகத்திற்கு இந்தப் பெயரையே இட்டார். இதைப் படித்ததும் எனக்கு உள்ளம் பூரித்தது. அரபியில் 'ரகம' என்றால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தான். 'ருகாம்' என்றால் குவியல். திருமறையின் நூர் அத்தியாயத்தில் மேகத்தைப் பற்றி வருவதும் இச்சொல்தான். இன்றைய அரபு வானிலையாளர் குமுலுஸ் மேகத்தை அழைப்பதும் இவ்வேரினின்று வந்த பெயராலேயே.

மகள் கொட்டாவி விட்டாள். அவளுக்கு வேண்டியவை நான்கு சொற்கள். 'ஹீப் அப்', 'அக்யூமுலேட்', 'அமாஸ்', 'ஸ்டோர் அப்' என்று எழுதிக்கொண்டு உறங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

ஒரு பொருட் பன்மொழி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நிகண்டு மனனம் செய்த பழக்கம் அது. ஆனால் அபூ ஹிலால் அல்அஸ்கரீ போன்ற அரபு மொழியறிஞர், ஒத்த பொருளுடையனவாய்த் தோன்றும் சொற்களுக்கிடையே உள்ள வேற்றுமையைக் காட்டவே தனி நூல் செய்தார். 'ஜம்உ' என்றால் வெறும் சேர்த்தல். 'இத்திகார்' நாளைய தேவைக்கென்று எடுத்து வைத்தல், நம் சேமிப்பு. 'இஹ்திகார்' விலையேறட்டும் என்று தானியத்தைப் பதுக்குதல். 'கன்ஸ்' புதையல், ஆயினும் ஸகாத் கொடுக்கப்பட்ட செல்வம் மண்ணுக்கடியில் கிடந்தாலும் 'கன்ஸ்' ஆகாது என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. இடத்தால் அன்று, கடமையால் சொல் மாறுகிறது!

ஸர்ஃபு ஓதியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். 'தகாஸுர்', 'தராகும்' இரண்டும் ஒரே வஸ்னில் வார்க்கப்பட்டவை. முன்னதில் ஒருவரோடொருவர் போட்டியிட்டுப் பெருக்கும் மனிதர்கள் நிற்கிறார்கள். பின்னதில் ஆளே இல்லை; சிறிது சிறிதாகத் தானே சேர்ந்துகொண்டு போகிறது. கடன் சேர்வதற்கு அரபியில் இந்தத் 'தராகும்' என்பதைத்தான் வழங்குவர்.

இவ்விடத்தில் வந்ததும் எனக்கு என் ராத்தாவின் நினைவு வந்தது.

வாப்பா 2011-இல் மவுத்தானார்கள். உம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். விட்டுச் சென்றது ஒரு தென்னந்தோப்பு. வாரிசு நாங்கள் இருவர். காய் விற்ற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ராத்தாவுடையது. ஃபராயிள் கணக்கைப் பிறர்க்குக் கற்பிக்கும் எனக்கு இது தெரியாததன்று. இரண்டாண்டுகள் ஒழுங்காகக் கொடுத்தேன். பின்னர் வீட்டுக்கூரை, மூத்தவளின் படிப்பு, நோய் என்று ஒவ்வொன்றாக வந்தன. "மொத்தமாகத் தருகிறேன் ராத்தா" என்றேன். சென்ற பெருநாளன்று தொலைபேசியில், "உங்கள் பங்கு கொஞ்சம் சேர்ந்துவிட்டது" என்றேன். "சேரட்டும் தம்பி" என்று சிரித்தார்கள். உறவில் இப்படிப் பேசிக்கொள்வதுதான் நம் வழக்கம். அதில் பிழை இருப்பதாக அன்று தோன்றவில்லை.

அன்றிரவு தோப்புக் கணக்கேட்டை எடுத்தேன். 2014 முதல் ஆண்டுக்கு ஒரு பக்கம். 2018-ஆம் ஆண்டுப் பக்கத்தில் கை நின்றது. அவ்வாண்டு நவம்பரில் வந்த கஜா புயலில் எங்கள் தோப்பில் பாதி மரங்கள் விழுந்தன. விழுந்த மரங்களுக்கு அரசு கொடுத்த நிவாரணத்தை நான் வாங்கினேன். அதிலும் ராத்தாவுக்குப் பங்கு உண்டு. ஏட்டில் அத்தொகை எழுதப்படவே இல்லை. எழுதாமல் விட்டவன் நான்.

'சேர்ந்துவிட்டது' என்பது பொய்யாயிற்று. சரி, 'சேர்த்து வைத்தேன்' என்று திருத்தினால்? அதுவும் பொய்யே. பணம் எங்கும் சேர்ந்திருக்கவில்லை. பெட்டியில் இல்லை, வங்கியில் இல்லை. ராத்தாவின் தேங்காய்ப் பணம் என் வீட்டுக்கூரையாகிவிட்டது. மகள் எழுதிக்கொண்டு போன நான்கிலும் நான் எண்ணிய அரபிச் சொற்களிலும் எனக்குரிய வினை இல்லை. தேடிய சொல் வேறு பக்கத்தில் இருந்தது: எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் ராத்தாவை அழைத்து அச்சொல்லையே சொன்னேன். நிவாரணத் தொகையையும் சொன்னேன். மொத்தம் இன்னது, இந்த மாதம் இவ்வளவு, அடுத்த அறுவடைகளில் இவ்வளவு என்று படித்துக் காட்டினேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. சிரிப்பும் இல்லை.

பிறகு, "கிணற்றடியில் வாப்பா வைத்த செவ்விளநீர் மரம் நிற்கிறதா தம்பி?" என்று கேட்டார்கள்.

"இல்லை ராத்தா, புயலில் சாய்ந்துவிட்டது" என்றேன். அது மட்டும் தன்வினைதான்.