பயத்துக்கு வால் முளைக்கும்!

தலைப்பிரட்டைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு சிரிக்காதீங்க. இருக்கு பாஸ்!

வட அமெரிக்கக் குளங்கள்ல சாம்பல் மரத்தவளைனு ஒண்ணு உண்டு. அதோட தலைப்பிரட்டைக்கு எமன், தண்ணிக்குள்ள வளர்ற தட்டான் பூச்சியோட குஞ்சு. அந்தக் குஞ்சைக் கூண்டுல அடைச்சு, தலைப்பிரட்டைத் தொட்டிக்குள்ள இறக்கினாங்க விஞ்ஞானிகள். கடிக்க முடியாது. ஆனா, வாசனை தண்ணியில பரவுமே... அது போதும்! தலைப்பிரட்டைகள் கப்சிப். நாளாக ஆக, வால் அகலமாகி செந்நிறம் ஏறுது. எதிரி பளிச்னு தெரியுற வாலைக் கவ்வும். வால் கிழிஞ்சாலும் உடம்பு தப்பிச்சிடும்.

இதுக்கு விலையும் உண்டு. அசையாம கிடந்தா தீனி குறையும், வளர்ச்சியும் மந்தமாகும்.

எனக்கு உடனே ஹாஸ்டல் ரூம்மேட் ஞாபகம்தான் வந்துச்சு. முதல் வருஷ ராகிங்ல குனிஞ்ச தலை. அந்த சீனியர்கள் படிப்பை முடிச்சுப் போன பிறகும் நிமிரலை. மெஸ்ஸுக்குக் கடைசி ஆளா வருவான். வகுப்புல ஒரு சந்தேகம்கூட கேட்க மாட்டான்.

அமெரிக்க ஆய்வாளர் ரிக் ரெலியா 2003-ல் இன்னொண்ணு சொன்னார். எதிரியைச் சீக்கிரமே அப்புறப்படுத்திட்டா, இதே தலைப்பிரட்டை மறுபடி துறுதுறுனு நீந்துது. வாலும் பழையபடி ஆகுது!

கவனிங்க... 'சீக்கிரமே'!

உங்க பக்கத்து ரூம்லயும் ஒரு குனிஞ்ச தலை இருக்கலாம். எதிரி இன்னும் இருந்தா, கூடவே போய் புகார் கொடுங்க. போயிட்டானா? "வாடா, டீ குடிக்கலாம்"னு இன்னிக்கே கூப்பிடுங்க!