ஆரல் கடலும் வானத்துச் சாட்சியும்

ஹதீஸ் தொகுப்புகளுள் ஒன்றான 'திர்மிதீ' நம் இல்லங்களில் நன்கு பழகிய பெயர். "திர்மித் எங்கே இருக்கிறது, வாப்பா?" என்று எங்கள் மகள் ஒருநாள் கேட்டாள். குடும்பமாக அமர்ந்து செயற்கைக்கோள் வரைபடத்தில் தேடினோம். உஸ்பெகிஸ்தானின் தென்கோடியில், ஆமூ தர்யா ஆற்றங்கரையில் அவ்வூர் இருக்கிறது. அரபுப் புவியியலாளர்கள் ஜைஹூன் என்றழைத்த ஆறு அது.

ஆற்றைத் தொடர்ந்து வடமேற்கே சென்றோம். இருமருங்கும் வயல்கள், வாய்க்கால்கள் பிரியப் பிரிய ஆறு மெலிந்துகொண்டே போயிற்று. பழைய உலகப்படங்களில் ஆரல் கடல் என நீலம் தீட்டப்பட்ட இடத்தின் பெரும்பகுதியில் வெளிறிய உப்புத்தரையே கிடந்தது. "கடல் எங்கே?" என்றாள் மகள்.

1960இல் அந்தக் கடலின் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். பருத்தி விளைச்சலைப் பெருக்குவதற்காக ஆமூ தர்யா, சிர் தர்யா ஆகிய இரு ஆறுகளின் நீரையும் சோவியத் அரசு பாசனத்திற்குத் திருப்பியது. மண் வாய்க்கால்களில் கசிந்தும் ஆவியாகியும் நீரில் பெரும்பங்கு வீணாயிற்று.

1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் முதற்கொண்டு இந்த அழிவு ஆண்டுதோறும் பதிவாகி வருகிறது. அகச்சிவப்புக் கதிரை நீர் உறிஞ்சிக்கொள்வதால் அது படத்தில் கருமையாகத் தெரியும். பயிர்கள் அக்கதிரைத் திருப்பியனுப்புவதால் பளிச்சிடும். ஆகவே கரை எவ்வளவு பின்வாங்கியது என்பதை அளந்தே சொல்ல முடியும். 1987 அளவில் கடல் இரண்டாகப் பிரிந்தது. 2014இல் நாசா வெளியிட்ட படத்தில் தென்கடலின் கிழக்குப் பகுதி முற்றிலும் வறண்டிருந்தது. மொய்நாக் என்ற மீன்பிடித் துறைமுகத்தின் படகுகள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. உப்புப் புழுதியைக் காற்று வாரிச் செல்வதும் படங்களில் தெரிகிறது. அதைச் சுவாசிப்பவர்கள் அங்கு வாழும் மக்கள்.

ஓடும் ஆற்றங்கரையில் உளூ செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று நம் பிள்ளைகள் மதரஸாவில் கற்கிறார்கள். ஆற்றில் நீர் குறையாதே, பிறகு ஏன் இந்தக் கண்டிப்பு என்று எண்ணத் தோன்றும். ஆமூ தர்யாவைப் பார்த்தபின் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழவில்லை.

எனினும் சாட்சி மட்டும் கடலைக் காப்பாற்றிவிடவில்லை. மனிதர்கள் செயலில் இறங்கிய இடத்தில்தான் மாற்றம் நிகழ்ந்தது. உலக வங்கியின் உதவியோடு கசகஸ்தான் எழுப்பிய கோக்-அரால் அணை 2005இல் நிறைவுற்றது. வடகடலில் நீர்மட்டம் உயர்ந்தது, உப்புத்தன்மை குறைந்தது, மீன்கள் திரும்பின, மீனவர்களும் திரும்பினர். அந்த மீட்சியையும் அதே செயற்கைக்கோள்கள் பதிவு செய்திருக்கின்றன.

லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் அனைவருக்கும் இலவசம். நம் ஊர்க் குளமும் ஏரியும் பத்தாண்டுகளுக்கு முன் எப்படி இருந்தன, இன்று எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்பதை வீட்டிலிருந்தே ஒப்பிடலாம். பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். கண்டதை ஜமாஅத்திலும் ஊராட்சியிலும் எடுத்துச் சொல்லுங்கள். நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கேடின்றி அடுத்த தலைமுறையிடம் சேர்க்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.