ஊர் சுற்றப் போன இடத்தில் ஒரு பெட்டிக்குப் பணம்

பாங்காக் போகிற நம்மூர்க்காரர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அரண்மனை, படுத்திருக்கும் புத்தர், சாவோ பிரயா ஆற்றில் இரவு விருந்துப் படகு, சஃபாரி வேர்ல்டு, கடைசி நாள் முழுக்க பிரதுனாமில் துணி. நாலு நாள் டூர் என்றால் இதற்கே மூச்சு வாங்கும். மீதி நேரத்தை டிராஃபிக் சாப்பிட்டுவிடும்.

மகள் போட்ட பட்டியலும் ஏறக்குறைய இதேதான். அவளுக்கு அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன அம்மா, முதல் முறையாக பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறிப் போயிருந்தார்.

"பத்து நாளும் ஜாலியா இரும்மா. அங்கயும் போய் ஆஸ்பத்திரி, ஆசிரமம்னு கேக்காதே."

"சுத்திப் பாக்கறேன்டி. இந்த ஊர் ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன செஞ்சுக்கறாங்கன்னு அதையும் கொஞ்சம் பாத்துட்டுப் போறேனே!"

முதல் இரண்டு நாள் மகள் ஜெயித்தாள். வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் முதுகுப்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள் உண்டு. சில்லறை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டபடி நடக்கலாம். அந்த நீளக் கூடம் முழுக்க 'டிங், டிங்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். காசு கோயில் பராமரிப்புக்குப் போகிறது. அம்மாவுக்கு அதைவிடப் பிடித்தது அந்தக் கோயிலின் கல்வெட்டுகள். மனித உடம்பைப் படமாக வரைந்து, எந்த இடத்தில் அழுத்தினால் எந்த வலி போகும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் ராமா மன்னர் காலத்து வேலை. மருத்துவம் தெரிந்தவர்களோடு போய்விடாமல், யார் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளட்டும் என்று கோயில் சுவரில் பதித்தது. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. புத்தருக்குக் கால் மணி நேரம் ஒதுக்கிய அம்மா, இதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

சீலோம் மாரியம்மன் கோயிலையும் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்றைக்குக் கையில் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். மாரியம்மனுக்கு மொழி ஒரு பிரச்னையாக இல்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை, மகளோடு வேலை பார்க்கும் தாய்லாந்துப் பெண் ஒருத்தி க்ளோங் தோய் கிளம்பினாள். வாரா வாரம் போகிறவள். அம்மாவும் ஒட்டிக்கொண்டார். துறைமுகத்தை ஒட்டிய பழைய குடிசைப் பகுதி அது. லட்சம் பேர் வரை வாழ்வதாகச் சொல்வார்கள். நிலம் துறைமுகத்துக்குச் சொந்தம் என்பதால், அங்கே பல தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களுக்கும் 'எப்போது காலி செய்யச் சொல்வார்களோ' என்ற பயம் உண்டு.

இந்த இடத்தில் பிரதீப் உங்சோங்தாம் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அங்கேயே பிறந்து, சின்ன வயதிலேயே துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர். 1968இல், பதினாறு வயதில், வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒரு பாட் கட்டணம். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அரசுப் பள்ளியில் சேர முடியாத பிள்ளைகள் வந்தார்கள். அனுமதி இல்லாத பள்ளி, இருந்த இடமோ காலி செய்யச் சொல்லப்பட்ட இடம். ஆனாலும் நடந்தது. 1978இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பரிசுப் பணத்தை வைத்து துவாங் பிரதீப் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2000இல் செனட்டராகவும் ஆனார். வெளியிலிருந்து யாரோ வந்து தூக்கிவிட்ட கதையாக இல்லாமல், உள்ளேயே இருந்த ஒருத்தி எழுந்து நின்ற கதை என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

அவர்கள் போனது அந்தப் பகுதியில் உள்ள ஒரு சின்ன பாலர் பள்ளிக்கு. மகள் ஒரு பை நிறைய சாக்லேட் கொடுத்து அனுப்பியிருந்தாள். வாசலிலேயே அங்கே வேலை பார்க்கும் அம்மாள் சிரித்துக்கொண்டே பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். போனையும் கைப்பைக்குள் வைக்கச் சொன்னார். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. வருகிறவர் எல்லாம் சாக்லேட் நீட்டினால், யார் வந்தாலும் முதலில் கையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும் என்றும், பல்லும் போய்விடும் என்றும் விளக்கினார். கூட வந்த பெண் அதை மொழிபெயர்த்தபோது அம்மா பலமாகத் தலையாட்டினார். பல்லைப் பற்றி நர்ஸுக்குச் சொல்லியா தர வேண்டும்!

பிறகு மூன்று மணி நேரம் என்ன செய்தார்? முள்ளங்கி நறுக்கினார். நன்கொடையாக வந்த துணிகளை அளவு பார்த்துப் பிரித்து மடித்தார். பிள்ளைகள் தூங்கி எழுந்து வந்தபோது கிளம்பும் நேரம். அவ்வளவுதான்.

இப்படி முடிந்ததில்தான் அதன் அழகு இருக்கிறது. சுற்றுலா போன இடத்தில் அரை நாள் பிள்ளைகளைக் கொஞ்சி, மடியில் வைத்துப் படம் எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போகும் வழக்கம் தென்கிழக்கு ஆசியா முழுக்க இருக்கிறது. அதன் விளைவைப் பக்கத்து நாடான கம்போடியா பட்டுத் தெரிந்துகொண்டது. 2005க்கும் 2010க்கும் இடையில் அங்கே பிள்ளைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவிகிதம் கூடியது. அவற்றில் இருந்த பிள்ளைகளில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் பணம் கொடுக்கிறார் என்றால் பார்க்க வைப்பதற்குப் பிள்ளைகள் வேண்டுமே! 'பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல' என்று 2011இல் அங்கே ஒரு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. வாசலில் போனை உள்ளே வைக்கச் சொல்லும் இடத்துக்கு நம்பிப் போகலாம். வாங்க, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கோங்க என்று கூப்பிடுகிற இடத்தைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சேன் சேப் வாய்க்கால் படகில் கடைசித் துறை வரை போனார்கள். எதிரே இன்னொரு படகு வந்தால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கறுப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். இரண்டாவது முறையே அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் தங்க மலை, வாட் சாகெத். சுற்றி ஏறும் முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், மேலே தங்க ஸ்தூபி, ஊரே காலடியில் தெரியும். எல்லோரும் மேலே போய்ப் படம் எடுப்பார்கள். அடிவாரத்தில் ஒரு மூலையில் கழுகுச் சிலைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கீழே ஒரு பிணம், அதைத் தின்னும் கழுகுகள். 1820இல் காலரா வந்து ஊரில் ஆயிரக்கணக்கில் செத்தபோது, நகர மதிலுக்கு வெளியே இந்தக் கோயிலுக்குத்தான் உடல்களைக் கொண்டுவந்தார்கள். எரித்து மாளவில்லை. மிச்சத்தைக் கழுகுகள் பார்த்துக்கொண்டன.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா நின்று பார்த்தார். "யாருமே வந்து கேக்கலைன்னா இப்படித்தான்" என்றார், மெதுவாக.

அங்கிருந்து டுக் டுக்கில் சைனா டவுன் பக்கம், பிளப்பிளா சாய் சாலை. ஊதுபத்திப் புகை சூழ்ந்த ஒரு சீனக் கோயில். இது மகளின் பட்டியலில் இல்லாத இடம். க்ளோங் தோய்க்குக் கூட்டிப்போன பெண் எழுதிக் கொடுத்தது. போ டெக் டுங் அறக்கட்டளை. 'நன்றிக்கடன் தீர்க்கும் கூடம்' என்பது போலப் பொருள் வரும் பெயர். பிழைக்க வந்த சீனர்கள் நாதியற்றுச் சாகும்போது எடுத்துப் போட ஆள் வேண்டுமென்று, 1910 வாக்கில் சீன வணிகர்கள் சிலர் தொடங்கியது. கோயிலில் இருப்பவர் தாய் ஹோங் கோங். சோங் வம்சக் காலத்துத் துறவி. கேட்பாரற்ற உடல்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்வதையே தவமாகச் செய்தவர்.

இன்று அவர்களிடம் ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு. ஆனால் கோயிலுக்கு வரும் கூட்டம் முக்கியமாகச் செய்வது, முகம் தெரியாத ஒருவருக்குச் சவப்பெட்டி வாங்கப் பணம் கொடுப்பது. முழுப் பெட்டிக்கும் கொடுக்கலாம், முடிந்ததையும் கொடுக்கலாம். இளஞ்சிவப்புச் சீட்டில் பெயர் எழுதி, அதை ஒட்டிவிட்டுக் கும்பிடுகிறார்கள். பிறந்தநாளுக்கு வருகிறவர்கள்கூட உண்டு.

"அம்மா, ஊர் பாக்க வந்த எடத்துல இது என்னம்மா... அச்சானியமா இருக்கு."

"மார்ச்சுவரியில எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா? கால்ல ஒரு நம்பர் கட்டியிருக்கும். போலீஸ் பேப்பர்ல விளம்பரம் குடுப்பாங்க. யாராவது வருவாங்களான்னு வாசலைப் பாத்துட்டே இருப்போம். வராமப் போனவங்கதான் ஜாஸ்தி."

பணம் கட்டினார். சீட்டில் தமிழில்தான் எழுதினார். கவுன்ட்டரில் இருந்த பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார். எட்டிப் பார்த்த மகளுக்கு அது அம்மாவின் பெயர் இல்லை என்று தெரிந்தது. பெரிய மாமாவின் பெயர். அவள் பிறப்பதற்கு முன்பே, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறிப் போன மாமா. பம்பாயில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பிறகு அதுவும் இல்லை. பாட்டி சாகிற வரைக்கும் அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை.

மகள் எதுவும் கேட்கவில்லை. பர்ஸைத் திறந்து, தானும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த அறக்கட்டளைக்காக இரவெல்லாம் பாங்காக் சாலைகளில் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். பகலில் கடை, ஆபீஸ், டாக்ஸி என்று ஒரு வேலை. ராத்திரியானால் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விபத்துச் செய்தி வந்ததும் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். ஒரு காலத்தில், யார் முதலில் போவது என்று அவர்களுக்கும் இன்னொரு மீட்புக் குழுவான ருவாம் கதன்யூவுக்கும் தெருவில் அடிதடியே நடந்திருக்கிறது. புண்ணியத்துக்கும் போட்டி! பிறகு எல்லை பிரித்துக்கொண்டார்கள். 2004 சுனாமியின்போது இரண்டு குழுக்களும் கடலோரம் போய் உடல்களை எடுத்தன. சில வருஷங்களுக்கு ஒரு முறை, கேட்பாரற்ற கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளைக் கையாலேயே தேய்த்துக் கழுவி, மொத்தமாகத் தகனம் செய்யும் சடங்கும் அங்கே உண்டு. அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்கள் வந்து உட்கார்ந்து கழுவுகிறார்கள்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் பசித்தது. யாவோரத் ரோட்டில் மாங்காயும் ஒட்டுச்சாதமும் வாங்கி, நடைபாதையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள்.

"மாமா எப்படி இருப்பாரும்மா?"

"உசரமா இருப்பான். தேங்கா பால் ஊத்தி எதைக் குடுத்தாலும் சாப்பிடுவான்" என்று சொல்லி, தட்டில் இருந்ததைப் பாதி அவள் பக்கம் தள்ளினார்.